நம்பத்தகாதவரும் நம்பியிருக்க முடியாதவரும்

மொழி மன்றப் பொதுச் சொற்பொழிவு வரிசையில் தெலுக் பங்லிமா காராங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



பொதுச் சொற்பொழிவு என்றால் பெரிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வது வழக்கம். நான் எடுத்துக்கொண்டது மிகச் சிறியது. ‘அன்ரிலையபிள்’ என்னும் ஓர் ஆங்கிலச் சொல், அதன் உறவுக்காரச் சொற்கள் சில, அவற்றைத் தமிழில் சொல்லும்போது நாம் செய்கிற பிழை ஒன்று. அவ்வளவுதான். இச்சிறு பொருளை ஏன் எடுத்தேன் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், மாணவர்களுக்குக் கல்வி உதவிநிதி வழங்கும் ஒரு குழுவுக்கு எழுத்தராகத் துணைபுரிந்தேன். குழுவின் மூத்தவர்களுள் சிலர் தமிழ் மட்டுமே வாசிப்பவர்கள். ஆகவே விண்ணப்பங்களோடு வரும் ஆங்கில நற்சான்றுகளைத் தமிழில் பெயர்த்து வைப்பது என் வேலை. ஓர் இளைஞரைப் பற்றி அவருடைய ஆசிரியர் ஒரு பக்க அளவில் எழுதியிருந்தார். பெரும்பகுதி பாராட்டு. ஒரு வரியில் மட்டும், வகுப்புக்கு வருவதில் இவர் சற்றே ‘அன்ரிலையபிள்’ என்றிருந்தது. கைவசம் இருந்த அகராதியைப் புரட்டினேன். ‘நம்பத்தகாத’ என்று கிடைத்தது. ‘வருகையில் சற்றே நம்பத்தகாதவர்’ என்று எழுதி வைத்தேன். மொழியியல் படித்தவன் என்ற செருக்கும் எனக்கு அப்போது இருந்தது.

கூட்டத்தில் அது உரக்க வாசிக்கப்பட்டது. ‘வருகையில்’ என்பதும் ‘சற்றே’ என்பதும் வாசிப்பின் வேகத்தில் அடிபட்டுப் போயின. ‘நம்பத்தகாதவர்’ மட்டும் அந்த அறையில் நின்றது. ஒரு பெரியவர் நிமிர்ந்து, “ஏன், பையனுக்குக் கை நீளமோ?” என்று கேட்டார். தலைவர், “எழுத்திலேயே இருக்கிறதே, ஐயா” என்றார். அடுத்த விண்ணப்பத்தை எடுத்துவிட்டார்கள். நான் மூலையில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. அந்த ஆசிரியர் தம் கடிதத்தின் அடுத்த வரியிலேயே, மாணவர் விடியற்காலையில் தந்தையின் கடையில் வேலை செய்துவிட்டு வருவதால் இவ்வாறு நேர்கிறது என்று எழுதியிருந்தார். அவ்வரியை நான் பிழையின்றிப் பெயர்த்திருந்தேன். ஆனால் அதைக் கேட்கும் நிலையில் அப்போது யாரும் இல்லை.

வராமல் போனவரைத் திருடராக்கியது எந்தச் சொல்? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஆங்கிலம். ‘அன்ரிலையபிள்’, ‘அன்டிப்பெண்டபிள்’, ‘அன்ட்ரஸ்ட்வர்த்தி’, ‘ஃபிக்கிள்’, ‘எராட்டிக்’ என்று ஒரு கூட்டமே அங்கு உண்டு. நண்பர்களுக்கிடையே ‘ஃபிளேக்கி’ என்பார்கள். இவை அனைத்தையும் பிரித்தறிய நான் மாணவர்களுக்குச் சொல்லித் தந்த எளிய வழி ஒன்று: அச்சொல்லை ஒரு பேருந்துக்குச் சொல்லிப் பாருங்கள். நேரத்துக்கு வராத பேருந்தை ‘அன்ரிலையபிள்’ எனலாம். ஒரு நாள் ஆறு மணிக்கும் மறுநாள் ஏழு மணிக்கும் வந்தால் ‘எராட்டிக்’ என்றும் சொல்லலாம். அச்சொல்லின் இலத்தீன் வேருக்கு அலைதல் என்று பொருள். ஆனால் பேருந்தை ‘அன்ட்ரஸ்ட்வர்த்தி’ என்றால் கேட்பவர் சிரிப்பார். அச்சொல் மனம் உடையவர்க்கே உரியது. தகவலுக்கும் ஆவணத்துக்கும் அதைச் சொல்வதுண்டு. அவற்றின் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே காரணம். ‘அன்ரிலையபிள்’ என்பது செயலின் விளைவைப் பற்றிய மதிப்பீடு. ‘அன்ட்ரஸ்ட்வர்த்தி’ என்பது நெஞ்சைப் பற்றிய தீர்ப்பு.

‘அன்டிப்பெண்டபிள்’ முன்னதற்கு மிக நெருங்கியது. அதன் வேர்ப்பொருள் ‘தொங்குதல்’ என்பதால், தொங்குகிறவரின் தவிப்பும் அதில் சேர்ந்து ஒலிக்கிறது என்பது என் செவிக்குப் படுவது. ஆங்கிலம் பிறப்பு மொழியாக உடையோர் மறுக்கவும் கூடும். ‘ஃபிக்கிள்’ என்னும் சொல்லின் வரலாறுதான் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அது வஞ்சகத்தைக் குறித்தது. இன்று மனம் மாறிக்கொண்டே இருப்பதைக் குறிக்கிறது. வஞ்சகர் என்ற பழி தேய்ந்து, நிலையில்லாதவர் என்ற குறையாக இறங்கியிருக்கிறது. தமிழில் நான் செய்தது இதன் தலைகீழ்: ஒரு குறையைப் பழியாக ஏற்றினேன்.

‘ரிலையபிள்’ என்ற சொல்லே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய சண்டைக்கு ஆளானது. அதன் வினைச்சொல்லுக்குப் பின் ‘ஆன்’ என்னும் முன்னிடைச்சொல் கட்டாயம் வரவேண்டும்; அதை விழுங்கிவிட்டு ஒரு பெயரடை ஆக்கலாமா என்று இலக்கணக்காரர்கள் சினந்தார்கள். அச்சொல்லுக்காக வாதாடி 1877இல் ஒரு தனி நூலே எழுதியவர் ஃபிட்சுஎட்வர்டு ஹால். அமெரிக்கரான இவர் காசி அரசினர் வடமொழிக் கல்லூரியில் பணியாற்றிய வடமொழி அறிஞர். காசியிலே வடநூல் கற்ற ஒருவர் ஆங்கிலச் சொல்லுக்கு வழக்கறிஞரானார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. இங்கு அதற்கு வேறு பயனும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு விகுதியைப் பற்றி எழுந்த அந்தக் கேள்வியைத் தமிழிலும் கேட்டாக வேண்டும்.

‘நம்பு’ என்னும் வினையைப் பாருங்கள். தொல்காப்பிய உரியியல் இச்சொல்லுக்குத் தரும் பொருள் நசை, அதாவது விருப்பம். நாம் இன்று நம்பிக்கை என்பதில் விருப்பமும் எதிர்பார்ப்பும் உறுதியும் கலந்து கிடப்பதன் வேர் அங்கேயே இருக்கிறது. ‘தேர்வில் வெல்வேன் என்ற நம்பிக்கை’, ‘நண்பர்மேல் உள்ள நம்பிக்கை’, ‘இறைநம்பிக்கை’ ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலம் மூன்று சொற்களைத் தேடும். தமிழுக்கு ஒன்று போதும். நேர்ப்பொருளில் இதனால் இடர் எதுவும் இல்லை. எதிர்மறை ஆக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

‘அற்ற’ என்பது எதனோடு சேர்ந்தாலும், அந்தப் பொருள் அவரிடத்தில் இல்லை என்றே பொருள்படும். அறிவற்றவர் என்றால் அறிவு இல்லாதவர். இரக்கமற்றவர் என்றால் இரக்கம் இல்லாதவர். அப்படியானால் நம்பிக்கையற்றவர் யார்? நம்பிக்கை இழந்தவர், மனம் சோர்ந்தவர். பிறர் அவரை நம்ப முடியுமா என்பது பற்றி அச்சொல் எதுவும் சொல்லவில்லை. நாடாளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தால் நம்பிக்கை இல்லாதவர்கள் உறுப்பினர்கள், தலைமையமைச்சர் அல்லர். அவரோ பெரும்பாலும் நிறைந்த நம்பிக்கையோடுதான் உட்கார்ந்திருப்பார்! ஆனால் ‘நம்பிக்கையான ஆள்’ என்று உடன்பாட்டில் சொல்லும்போது பிறர் நம்பக்கூடியவர் என்ற பொருள் வந்துவிடுகிறது. உடன்பாடு ஒரு திசையில் போகிறது, எதிர்மறை வேறொரு திசையில் போகிறது. மாணவர் கட்டுரைகளில் ‘நம்பிக்கையற்ற நண்பன்’ என்று வரும் இடங்களை இனிச் சற்று நின்று பாருங்கள். அந்த நண்பன் ஏமாற்றுகிறவனா, வாழ்க்கையில் சோர்ந்து போனவனா? முதலாமவனிடமிருந்து விலகலாம். இரண்டாமவனை நெருங்கிப் போய்ப் பேச வேண்டும்.

அடுத்தது ‘நம்ப முடியாத’. இது இன்னும் வழுக்கலானது. கிள்ளானில் பேரங்காடி விளம்பரங்களில் ‘நம்ப முடியாத விலை’ என்று எழுதுகிறார்கள், அது பாராட்டு. ‘நம்ப முடியாத வியாபாரி’ என்று அதே பலகையில் எழுதினால் வழக்கு வரும்.

மூன்றாவது ‘நம்பத்தகாத’. என் பிழை இங்கேதான். ‘தகு’ என்னும் வினை தமிழில் வெறும் இயலுமையைக் குறிப்பதன்று. அது தகுதியைக் குறிக்கிறது. தகாத சொல், தகாத உறவு, தகாத செயல் என்று நாம் வழங்கும் இடமெல்லாம் ஒழுக்கக்கேடு தொனிக்கிறது. ஆகவே நம்பத்தகாதவர் என்றால், நம்பப்படும் தகுதியை இழந்தவர். அது ‘அன்ட்ரஸ்ட்வர்த்தி’க்கு அப்படியே பொருந்தும் சொல், அந்த ஆங்கிலச் சொல்லின் பின்பாதியும் தகுதியைத்தானே சொல்கிறது! பேருந்துச் சோதனையைத் தமிழிலும் செய்து பாருங்கள். ‘அந்தப் பேருந்தை நம்ப முடியாது’ என்று சொல்வோம். ‘அந்தப் பேருந்து நம்பத்தகாதது’ என்று யாரும் சொல்வதில்லை. தமிழ்ச்செவி இந்த வேறுபாட்டை அறிந்தே வைத்திருக்கிறது. அகராதியை மட்டும் பார்த்த நான்தான் அறியாமல் போனேன்.

‘நம்பகமற்ற’ என்ற சொல்லை இப்போது இதழ்களும் பாடநூல்களும் எல்லா இடத்திலும் போடுகின்றன. ‘அற்ற’வின் சிக்கலிலிருந்து இது ஓரளவு தப்பிக்கிறது. ‘நம்பகம்’ நம்பப்படும் பொருளின் தன்மையாக வழங்குவதே காரணம். குறை என்னவென்றால் மனமும் செயலும் தகவலும் மூன்றும் இதில் ஒன்றாகிவிடுகின்றன. நம்பகமற்ற செய்தி, நம்பகமற்ற இயந்திரம், நம்பகமற்ற மனிதர்! இயந்திரத்தைக் குறை சொன்ன அதே சொல்லால் மனிதரையும் சொல்லிவிடுகிறோம். கேட்பவரோ மனிதர் என்றதும் ஒழுக்கத்தை நினைத்துக்கொள்கிறார்.

நம்மைச் சுற்றிலும் வழங்கும் மலாய்மொழி இதை எப்படிச் செய்கிறது என்பதைக் கவனித்ததுண்டா? நம் பிள்ளைகள் பள்ளித் திடலில் நாள்தோறும் சொல்கிறார்கள்: ‘தாக் போலே ஹாராப்’. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவனைப் பற்றிய சொல் அது. ‘ஹாராப்’ என்றால் எதிர்பார்த்தல், விரும்பியிருத்தல். நம் ‘நம்பு’ நசையிலிருந்து கிளம்பியதுபோல, மலாயிலும் எதிர்பார்ப்பே நம்பியிருத்தலைக் குறிக்கிறது. இனி, பொய் சொல்கிறவனைப் பற்றிப் பேசும்போது ‘பெர்ச்சாயா’ வந்துவிடும். இது வடமொழிப் ‘பிரத்யய’ என்பதிலிருந்து மலாய்க்குப் போன சொல். (அதே ‘பிரத்யய’ வடமொழி இலக்கணத்தில் விகுதிக்குப் பெயர். விகுதிகளைப் பற்றியே இதுவரை பேசிய எனக்கு இது ஒரு சிறு மகிழ்ச்சி.) மூன்றாவது சொல் அரபியிலிருந்து வந்த ‘அமானா’. ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள், அதைக் காக்கும் கடமை இரண்டையும் அது குறிக்கும். தமிழ் முஸ்லிம்கள் இதை ‘அமானிதம்’ என்பர். ஒப்படைத்ததைக் கையாடினால் ‘பெச்சா அமானா’. நம் நாளேடுகள் ‘நம்பிக்கை மோசடி’ என்று எழுதுவது இதைத்தான்.

நம்பிக்கை மோசடி நல்ல மொழிபெயர்ப்பு என்றே கருதுகிறேன். மலேசியத் தண்டனைச் சட்டத்தொகுப்பில் 405ஆம் பிரிவு இதை வரையறுக்கிறது. 415ஆம் பிரிவு ஏமாற்றுதலை வரையறுக்கிறது. ஏமாற்றுகிறவர் தொடக்கத்திலேயே பொய் சொல்லிப் பொருளைப் பெறுகிறார். நம்பிக்கை மோசடி செய்கிறவரிடம் பொருள் நேர்மையாகவே வந்து சேர்கிறது. அதன்பின் அவர் அதைக் கையாடுகிறார். சங்கப் பணத்தைப் பொருளாளர் எடுத்துவிட்டார் என்ற செய்திக்குச் சிலர் ‘பண மோசடி’ என்று பொதுவாகத் தலைப்பிடுகிறார்கள். ஒப்படைத்தவர்களின் நோவு அதில் காணாமற் போகிறது.

ஆக, மலாய் மூன்று சொற்களை வைத்திருக்கிறது. தமிழிடம் ‘நம்பு’ ஒன்றுதான் இருக்கிறதா? இந்தக் கேள்வி பல ஆண்டுகள் என்னைத் தொந்தரவு செய்தது. விடை அகராதியில் கிடைக்கவில்லை; நம் வீட்டுப் பேச்சிலேயே கிடைத்தது. மூன்று முறையீடுகளைக் கேளுங்கள்.

‘உன்னை நம்பிக் கொடுத்தேனே!’

‘உன்னை நம்பியிருந்தேனே!’

‘நீ சொன்னதை நம்பிவிட்டேனே!’

முதலாவதைக் கேட்டவுடன் பணமோ நகையோ போயிற்று என்று தெரிகிறது. இரண்டாவதில் யாரோ வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை, செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. மூன்றாவதில் ஒரு பொய் இருக்கிறது, அல்லது தவறான தகவல் ஒன்றேனும் இருக்கிறது. அமானா, ஹாராப், பெர்ச்சாயா ஆகிய மூன்றும் இங்கே வரிசையாக நிற்கின்றன. மலாய் மூன்று பெயர்ச்சொற்களாலும் வினைகளாலும் செய்வதைத் தமிழ் ஒரே வினையெச்சத்தின் பின்னே வரும் துணையைக் கொண்டு செய்கிறது. ‘கொடு’ என்பது கைமாறிய பொருளைக் காட்டுகிறது. ‘இரு’ என்பது தொடர்ந்து சாய்ந்திருந்த நிலையைக் காட்டுகிறது. ‘விடு’ என்பது மீள முடியாமல் முடிந்துபோனதையும், அதன் வருத்தத்தையும் காட்டுகிறது. ‘இரு’வுக்கு இறந்தகாலத்தில் முன்னமே முடிந்த செயலைக் காட்டும் வேலையும் உண்டு, ஆகவே ‘நம்பியிருந்தேன்’ சில இடங்களில் இருபொருள் படும் என்பதை மொழியியல் மாணவர்கள் எழுந்து கேட்பதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன். எதிர்காலத்திலும் எதிர்மறையிலும் அந்த ஐயம் பெரிதும் நீங்கிவிடுகிறது. ‘அவரை நம்பியிருக்க முடியாது’ என்றால் ஒரு பொருள்தான். ‘மழையை நம்பியிருக்கிறோம்’ என்று உழவர் சொல்லும்போது மழையின் நேர்மையைப் பற்றி அவர் பேசவில்லை.

இலக்கியத் தமிழும் இந்த இரண்டைப் பிரித்தே வைத்திருந்தது. திருக்குறளில் 51ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல். 52ஆம் அதிகாரம் தெரிந்துவினையாடல். முன்னதில் ‘தெளிதல்’, ‘தேறுதல்’ என்று வருவன நம்புதலையே குறிக்கின்றன. ஆராய்ந்து ஐயம் நீங்கியபின் வரும் நம்பிக்கை அது. அவ்வதிகாரத்தின் தொடக்கக் குறள் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கினால் ஒருவரைச் சோதிக்கச் சொல்கிறது. நான்கும் நெஞ்சைச் சோதிப்பவை. அவர் நேரத்துக்கு வருவாரா என்பதற்கு அவற்றுள் சோதனை இல்லை. அதற்கென்றே அடுத்த அதிகாரம் வந்தது. எல்லா வகையாலும் தெளிந்து எடுத்துக்கொண்டவர்களிலும், வேலையில் இறங்கியபின் வேறுபட்டுப் போகிறவர் பலர் என்று அங்கே ஒரு குறள் உண்டு. நெஞ்சு நல்லதாக இருந்தும் வினையில் தவறலாம் என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்வது? ‘தேறு’ இன்று ‘தேறாத ஆள்’ என்று கேலிச்சொல்லாகவும், ‘தேற்றம்’ கணிதப் பாடத்திலும் எஞ்சியிருக்கின்றன. தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் பொருள்களிலும் தேற்றம் ஒன்று.

பழமொழிகளும் இதற்குச் சான்று. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினவர் கதையில் மண்குதிரைக்கு வஞ்சம் எதுவும் இல்லை. நீர் பட்டால் கரைவது மண்ணின் இயல்பு. அது ‘மண்குதிர்’ என்பதன் திரிபு என்று மேடைகளில் விளக்குவோர் உண்டு. எனக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. குதிரையானாலும் மணல்மேடானாலும் குற்றம் அதன் இயலாமையில்தான் இருக்கிறது. வேலியே பயிரை மேய்வது வேறு; அது காவலுக்கு வைத்ததே கையாடியது, அப்பட்டமான அமானா முறிவு. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தவர் ‘ஃபிக்கிள்’. கூட இருந்தே குழி பறித்தவரை எந்த மொழியிலும் மென்மையாகச் சொல்ல வழியில்லை.

ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு ஒரு சொல். கல்வி ஆராய்ச்சியில் ‘கெபோலேபெர்ச்சாயாஆன்’ என்று மலாயிலும் ‘நம்பகத்தன்மை’ என்று தமிழிலும் எழுதுகிறீர்கள். இங்கே பொய்க்கும் மெய்க்கும் வேலையே இல்லை. மீன்கடைத் தராசு ஒன்று எப்போது நிறுத்தாலும் 200 கிராம் கூடுதலாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆராய்ச்சி முறைப்படி அது நம்பகமான தராசு. ஒரே மாதிரி காட்டுகிறதே! ஆனால் அது காட்டும் எடை சரியன்று. மற்றொரு தராசு ஒரே மீனை ஒருமுறை 800 கிராம் என்றும் மறுமுறை 1,100 கிராம் என்றும் காட்டினால் அதுதான் நம்பகமற்றது. மீன்காரரைக் கேட்டால் முதல் தராசு வைத்திருப்பவரைத்தான் நம்பக்கூடாது என்பார். அவர் சொல்வதும் சரியே. அவர் மனிதரைப் பற்றிப் பேசுகிறார். நீங்கள் கருவியைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

நீதிமன்றத்தில் இந்தச் சொற்களின் எடை மேலும் கூடுகிறது. ‘வடிவேலு தேவர் எதிர் சென்னை மாநிலம்’ என்னும் 1957ஆம் ஆண்டு வழக்கில், ஒரே ஒருவரின் சாட்சியத்தை வைத்துக் கொலைக்குற்றத்தை நிலைநாட்டலாமா என்ற கேள்வி இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. சாட்சிகளின் எண்ணிக்கையன்று, தரமே முதன்மை என்று கூறிய நீதிமன்றம், சாட்சியத்தை மூன்று வகையாகப் பிரித்தது: முழுதும் ஏற்கத்தக்கது, முழுதும் தள்ளத்தக்கது, இரண்டுக்கும் இடைப்பட்டது. அவ்விடத்தில் ஆங்கிலத் தீர்ப்பு எடுத்தாண்டவை ‘ரிலையபிள்’, ‘அன்ரிலையபிள்’ என்னும் நம் சொற்களே. இடைப்பட்ட சாட்சியத்துக்குத்தான் வேறு சான்றின் துணை தேவை. சாட்சிகளுக்கு எண்ணிக்கை வேண்டியதில்லை என்ற அதே விதி, அன்றைய இந்தியச் சட்டத்தில் இருந்த அதே 134 என்னும் எண்ணோடு, மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் இருக்கிறது. இரண்டு சட்டங்களும் ஒரு மரத்துக் கிளைகள்.

நீதிமன்றம் ஒரு சாட்சியத்தை ‘அன்ரிலையபிள்’ என்று சொல்வதற்குக் காரணம் பலவாகலாம். இருட்டு, தொலைவு, மங்கிய பார்வை, நாட்பட்ட நினைவு. இவற்றுள் எதிலும் சாட்சி பொய்யர் ஆகவில்லை. சாட்சியின் நேர்மையையே தாக்குவதற்குச் சட்டம் வேறு சொல் வைத்திருக்கிறது. 155ஆம் பிரிவில் வருவது ‘க்ரெடிட்’டுக்குத் தகுதியற்றவர் என்னும் தொடர். கண் தெரியாத மூதாட்டியின் சாட்சியம் ஏற்கப்படவில்லை என்பதைத் தமிழில் சொல்லும்போது, ‘மூதாட்டி நம்பத்தகாதவர் என்று நீதிமன்றம் கூறியது’ என்று எழுதிவிட்டால் அவர் ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்?

அந்தக் ‘க்ரெடிட்’ என்ற சொல் கடைக்கடனையும் குறிக்கிறது. அதன் இலத்தீன் வேர் நம்புதல். தமிழில் ‘நாணயம்’ இதே இரட்டை வேலையைச் செய்கிறது: காசும் அதுவே, நேர்மையும் அதுவே. நாணத்திலிருந்து பிறந்தது நாணயம் என்று சிலர் இனிமையாக விளக்குவர். காசைக் குறிக்கும் வடமொழி ‘நாணக’த்தோடு இயைப்பதே ஏற்புடையது. இந்நாட்டில் இச்சொல் மிகுதியாகப் புழங்கிய இடங்களுள் ஒன்று கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் இருந்த நகரத்தார் கிட்டங்கிகள். வணிகத் தமிழில் ‘நாணயம் தவறியவர்’ ஒருவர், ‘நொடித்துப் போனவர்’ மற்றொருவர். 1930ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது கடன் திருப்ப இயலாமற் போனோர் ஏராளம். இருவரிடமிருந்தும் பணம் வரவில்லை என்பதில் மாற்றம் இல்லை. ஆனாலும் இருவரையும் ஒரே பெயரால் அழைப்பதைத் தமிழ் வணிகர் வழக்கு ஏற்கவில்லை. பணம் இழந்தவர்களே இந்த வேறுபாட்டைப் பேணியிருக்கும்போது, எதுவும் இழக்காமல் குறிப்பு எழுதுகிற நாம் அதை விட்டுவிடுவது சரியா?

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆங்கிலேயர் சில வேளைகளில் ‘பொய்யர்’ என்று சொல்ல விரும்பாமல் ‘அன்ரிலையபிள்’ என்று நாசூக்காக எழுதுவதும் உண்டு. அங்கே சொல் மெலிதாக இருந்தாலும் நோக்கம் கடுமையானது. ஆகவே எப்போதும் ‘நம்பியிருக்க முடியாதவர்’ என்றே பெயர்க்க வேண்டும் என்று நான் விதி வகுக்கவில்லை. எதில் தவறினார் என்று மூலத்தில் தேடுங்கள். மூலத்தில் இல்லையென்றால் எழுதியவரைக் கேளுங்கள். ஆண்டிறுதிக் குறிப்பேட்டில் ஆசிரியர்களாகிய நீங்களே எழுதும்போது கேட்க வேண்டிய ஆளும் நீங்களே. ‘பொறுப்பற்றவர்’, ‘நம்பகமற்றவர்’ என்ற பெயரடைகளுக்குக் காலமும் இல்லை, இடமும் இல்லை. பிள்ளையோடு பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும். ‘ஒப்புக்கொண்ட வேலையை இவ்வாண்டில் மும்முறை முடிக்கவில்லை’ என்றால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அடுத்த ஆண்டு மாறலாம் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

அந்தக் கடிதத்தை இன்று என்னிடம் கொடுத்தால் எப்படிப் பெயர்ப்பேன் என்று பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். கடைசியாக நின்றது இது: ‘வகுப்புக்கு நாள் தவறாமல் வருவார் என்று நம்பியிருக்க முடியவில்லை.’ மூலத்தைவிட நீண்டுதான் போகிறது. வாசிப்பவர் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் ‘வகுப்புக்கு’ என்பதை விழுங்க முடியாது. அந்தப் பெரியவர் நிமிர்ந்து, “ஏன், பையன் எதனால் வரவில்லை?” என்று கேட்டிருப்பார். அதற்கு விடை அடுத்த வரியில் இருந்தது.